படமும் பொருளும்: சோவியத் வணிக விளம்பரச் சுவரொட்டிகளும் தமிழக வணிகப் படங்களும் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களுக்காக அச்சிடப்பட்ட விளம்பரப் படங்கள் சமூக வரலாற்றுக்கு உரிய முதன்மைச் சான்றுகள் ஆகும். ஆயினும், படத்தில் காணப்படும் பொருள் மக்கள் கையிலும் இருந்தது என்ற எடுகோளுடன் அவற்றை வாசிப்பது பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும். 1920களிலும் 1930களிலும் சோவியத் ஒன்றியத்தில் வெளியான வணிகச் சுவரொட்டிகளையும், அதே காலத்தில் தமிழகத்தில் வேரூன்றிய தீப்பெட்டி ஒட்டுச்சீட்டு, தேநீர்ப் பரப்புரை, நாள்காட்டிப் படம் ஆகியவற்றையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. படத்துக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவு இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகிறது என்பதையும், அத்தொலைவை அளப்பதே இச்சான்றுகளை வாசிக்கும் முறை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சோவியத் சுவரொட்டி, மாயக்கோவ்ஸ்கி, ரோத்சென்கோ, சிவகாசி, தீப்பெட்டி ஒட்டுச்சீட்டு, நாள்காட்டி, தேநீர்ப் பரப்புரை, நெய்வேலி

1. முன்னுரை

வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்புக்கு வடக்கே, பேருந்தில் சென்றடையும் தொலைவில் நெய்வேலி அமைந்துள்ளது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் அனல்மின் நிலையம் சோவியத் கூட்டுறவுடன் எழுப்பப்பட்டு, 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. வேளாண்மையை மட்டுமே அறிந்திருந்த இவ்வட்டாரத்துக்கு ‘ரஷ்யா’ என்னும் சொல் முதலில் எந்திரமாகவும் அதை நிறுவ வந்த பொறியாளர்களாகவும் அறிமுகமாயிற்று. அதே காலத்தில் ‘சோவியத் நாடு’ இதழ் வழியாகவும், மாஸ்கோவில் தமிழில் அச்சாகிய நூல்கள் வழியாகவும் அந்நாட்டின் படங்கள் தமிழ் வீடுகளுக்கு வந்தன.

எந்திரம் வந்தது, நூல் வந்தது, படமும் வந்தது. ஆனால் அந்நாட்டு மக்கள் நாள்தோறும் வாங்கிய சோப்பும் பற்பொடியும் மிட்டாயும் தமிழ்க் கடைத்தெருவுக்கு வரவில்லை. அவற்றுக்காக அந்நாட்டிலேயே ஒட்டப்பட்ட சுவரொட்டிகளும் வரவில்லை. தமிழ் ஆய்வுலகில் சோவியத் இலக்கியத் தாக்கம் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு அந்நாட்டு வணிகக் கலை பற்றிப் பேசப்படவில்லை. அரசே உற்பத்தியாளராகவும் விற்பனையாளராகவும் இருந்த ஒரு நாட்டில் விளம்பரம் எதற்காகத் தேவைப்பட்டது? அதே காலத்தில் தமிழகத்தில் விளம்பரப் படம் எத்தகைய வடிவம் கொண்டது? இவ்விரு வினாக்களும் இக்கட்டுரைக்கு அடிப்படையாகின்றன.

2. புரட்சிக்கு முன்னும் பின்னும்: பெயர் மாறிய பொருள்கள்

ரஷ்யாவில் வணிகச் சுவரொட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வளர்ச்சி பெற்றது. 1897இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பன்னாட்டுச் சுவரொட்டிக் கண்காட்சி நடைபெற்றது. ஐனெம், அப்ரிகோசொவ் ஆகிய இனிப்பு நிறுவனங்களும் புரோக்கார்டு என்னும் நறுமணப் பொருள் நிறுவனமும் வண்ண லித்தோ அச்சைத் தாராளமாகப் பயன்படுத்தின. மரபான தலையணியுடன் கூடிய ரஷ்யப் பெண், குழந்தை, பனிக்காலக் காட்சி ஆகியவை அப்படங்களின் பொதுக்கூறுகள். பொருளைச் சுற்றி வளமான இல்லறச் சூழலை எழுப்புவதே அவற்றின் உத்தி எனலாம்.

1917 நவம்பரில் புதிய அரசு விளம்பரத்தை அரசின் தனியுரிமையாக அறிவித்தது. நாளிதழ்களின் விளம்பர வருவாயைத் தடுப்பதே அதன் உடனடி நோக்கம். தொழிற்சாலைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1922இல் ஐனெம் ‘செவ்வக்டோபர்’ எனவும், புரோக்கார்டு ‘புதிய விடியல்’ எனவும் பொருள்படும் பெயர்களைப் பெற்றன. பெயர் மாறினும் பொருளும் அதை உருவாக்கும் தொழில்நுட்பமும் பெரும்பாலும் தொடர்ந்தன. எனவே வாங்குவோரின் மனத்தில் பதிந்திருந்த பழைய வணிகப் பெயரின் இடத்தில் அரசின் பெயரை நிறுவ வேண்டிய தேவை எழுந்தது.

1921 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய பொருளாதாரக் கொள்கை சிறு தனியார் வணிகத்தை மீண்டும் அனுமதித்தது. அரசு அங்காடி ஒருபுறமும் தனியார் வணிகர் மறுபுறமும் ஒரே வாடிக்கையாளரை நோக்கி நின்றனர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அரசியல் பரப்புரையில் தேர்ந்திருந்த கலைஞர்கள் வணிகத்துக்கு அழைக்கப்பட்டது இச்சூழலில்தான்.

3. 1923: கவிஞரும் ஓவியரும்

கவிஞர் விளாதிமிர் மாயக்கோவ்ஸ்கி 1919 முதல் ரோஸ்தா செய்தி நிறுவனத்தின் சாளரச் சுவரொட்டிகளுக்குப் படமும் வாசகமும் படைத்தவர். 1923இல் அவர் எழுதிய ‘கிளர்ச்சிப் பரப்புரையும் விளம்பரமும்’ என்னும் கட்டுரை, எதிரியின் கருவியாகக் கருதப்பட்ட விளம்பரத்தைப் புறக்கணிக்கலாகாது என வாதிட்டது. அதே ஆண்டு முதல் 1925 வரை ஓவியர் அலெக்சாந்தர் ரோத்சென்கோவுடன் இணைந்து, ‘விளம்பரக் கட்டமைப்பாளர்’ என்ற கூட்டுக் கையொப்பத்தில் அவர் பணியாற்றினார். வேளாண் விளைபொருள்களைப் பதப்படுத்தி விற்ற மோசெல்புரோம், கூம் என்னும் அரசுப் பேரங்காடி, ரெசினோதிரெஸ்த் என்னும் ரப்பர் நிறுவனம், தேயிலை நிருவாகம், அரசுப் பதிப்பகம் ஆகியவை அவர்களுக்குப் பணி வழங்கின.

இச்சுவரொட்டிகளின் மொழிநடை தனித்துவமானது. கூம் அங்காடியின் கைக்கடிகார விளம்பரம் மூன்று படிகளில் இயங்குகிறது. மனிதனுக்குக் கடிகாரம் வேண்டும் என்பது முதற்படி. அது குறிப்பிட்ட வகைக் கடிகாரமாக இருத்தல் வேண்டும் என்பது அடுத்தபடி. அவ்வகை இவ்வங்காடியில்தான் கிடைக்கும் என்பது முடிவு. தருக்கவியலார் கூறும் அனுமானம் போல அது வாசகரைக் கடைவாயிலுக்கு அழைத்துச் செல்கிறது. மோசெல்புரோமுக்காக மாயக்கோவ்ஸ்கி எழுதிய தொடர், வேறெங்கும் தேடவேண்டா, இங்கு மட்டுமே கிடைக்கும் என்னும் கருத்துடையது. அது மாஸ்கோவில் அந்நிறுவனக் கட்டடத்தின் சுவரிலேயே எழுதப்பட்டது. குழந்தைகளுக்கான ரப்பர்ச் சூப்பான் விளம்பரமோ நகைச்சுவையை நாடியது.

ஓவிய நிலையில் ரோத்சென்கோ பழைய அழகுக்காட்சிகளை முற்றாகத் துறந்தார். தடித்த எழுத்து, நேர்கோட்டுப் பட்டைகள், சிவப்பு, கருப்பு போன்ற முரண்நிறங்கள், வியப்புக்குறி, அம்புக்குறி ஆகியவை பொருளின் படத்தைச் சூழ்ந்தன. எழுத்தே படமாயிற்று. எழுத்தறிவின்மையை ஒழிக்கும் ஆணை 1919 டிசம்பரில் வெளியானதையும், 1926ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்பது வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேரே எழுத்தறிந்திருந்தனர் என்பதையும் இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும். புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஒருவர் தெருவில் எளிதில் வாசிக்கத்தக்க பெரிய எழுத்துகளாக இச்சுவரொட்டிகள் அமைந்தன. விற்பனையும் எழுத்தறிவும் ஒரே தாளில் நிகழ்ந்தன என்று கருத இடமுண்டு.

மிட்டாய் உறைகளும் இதற்கு விலக்கல்ல. ‘நமது தொழில்’ என்ற பெயருடைய மிட்டாய்களுக்கு எந்திரங்களைக் காட்டும் உறைகள் உருவாயின. இனிப்பை உண்ணும் சிறுவர் நாட்டின் தொழில்வளர்ச்சியையும் அறியவேண்டும் என்பது கருத்து. 1925இல் பாரிசில் நடைபெற்ற அலங்காரக் கலைப் பன்னாட்டுக் கண்காட்சியில் இவ்விருவரின் விளம்பரப் பணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. பின்னாளில் உலகெங்கும் கலை வரலாற்று நூல்களில் இச்சுவரொட்டிகள் இடம்பெற்றமைக்கு அது தொடக்கமாயிற்று.

4. போட்டியாளர் இல்லாத விளம்பரம்

1920களின் இறுதியில் நிலைமை மாறியது. 1931இல் தனியார் வணிகம் தடைசெய்யப்பட்டது. பங்கீட்டு அட்டை முறை நடைமுறையில் இருந்தது. 1932–33இல் கடும் பஞ்சம் நேர்ந்தது. ரொட்டிக்கான பங்கீடு 1935 சனவரியில் நீக்கப்பட்டது. பிறவற்றுக்கான பங்கீடு அதன்பின் படிப்படியாக விலக்கப்பட்டது. போட்டியிடுவதற்குத் தனியார் வணிகரே இல்லாத சந்தையில் விளம்பரச் சுவரொட்டி மறைந்திருக்கவேண்டும் என எதிர்பார்க்கலாம். மாறாக, 1930களின் பிற்பாதியில் அது மீண்டும் பெருகியது.

இக்காலத்தில் உணவுத் தொழில் துறையின் பொறுப்பில் இருந்தவர் அனஸ்தாஸ் மிக்கோயான். 1936இல் அமெரிக்கா சென்று அங்குள்ள உணவு ஆலைகளைப் பார்வையிட்ட அவர், பனிக்கூழ், தக்காளிச் சாறு, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றின் பேரளவு உற்பத்தியை ஊக்குவித்தார். தகரக்குவளையில் அடைத்த நண்டிறைச்சியை அனைவரும் சுவைத்துப் பார்க்குமாறு அழைக்கும் சுவரொட்டி இக்காலத்தின் அடையாளமாக இன்றும் காட்டப்படுகிறது. சோப்பும் நறுமணப் பொருளும் உருவாக்கிய தேஷே நிறுவனமும் இக்காலத்தில் பரவலாக அறியப்பட்டது.

1923இன் சுவரொட்டி ‘எங்கு வாங்குவது’ என்று கூறியது. 1938இன் சுவரொட்டி ‘எதை விரும்புவது’ என்று கற்பித்தது. ரோத்சென்கோவின் கூரிய கோடுகள் மறைந்து, புன்னகைக்கும் முகமும் நிறைந்த மேசையும் கொண்ட இயல்புநவிற்சி ஓவியம் திரும்பியது. புரட்சிக்கு முற்பட்ட இல்லறக் காட்சி வேறொரு உடையில் மீண்டது எனலாம்.

ஆனால் அந்த மேசை நிறைந்திருந்ததா என்பது வேறு வினா. பெருநகரங்களின் சிறந்த அங்காடிகளில் கிடைத்தவை சிற்றூர்களை எட்டவில்லை. 1939இல் வெளியான ‘சுவையும் நலமும் வாய்ந்த உணவு நூல்’ காட்டிய உணவுவகைகள் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதவையாகவே இருந்தன. பின்னர் போர்க்காலப் பங்கீடு வந்து, 1947 டிசம்பரில்தான் அகன்றது. ஆகவே, இச்சுவரொட்டிகளை நுகர்வுக்குச் சான்றாக அன்றி, அரசு தன் மக்களுக்கு அளித்த வாக்குறுதிக்குச் சான்றாகவே கொள்ளுதல் தகும்.

5. தமிழகம்: ஒட்டுச்சீட்டிலிருந்து நாள்காட்டிக்கு

மாஸ்கோவில் மாயக்கோவ்ஸ்கி அங்காடி விளம்பரங்களை எழுதத் தொடங்கிய அதே 1923ஆம் ஆண்டையொட்டிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இரண்டும் ஒரே சிக்கலை எதிர்கொண்டன. எழுத்தறியாத வாங்குவோரிடம் ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது எவ்வாறு? 1931இல் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே.

தீக்குச்சிகளுக்குள் வேறுபாடு குறைவு. ஆகவே பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட சிறு படமே அதன் பெயராயிற்று. சுவீடன், ஜப்பான், ஆஸ்திரியா ஆகிய நாடுகளிலிருந்து இறக்குமதியான தீப்பெட்டிகளே முன்னதாக இந்தியத் தெய்வ உருவங்களைத் தாங்கி வந்தன. சிவகாசி அவ்வழக்கை ஏற்று விரிவாக்கியது. விலங்கு, பறவை, பூ, தெய்வம், தலைவர் எனக் கண்ணால் கண்டு வாயால் கேட்டு வாங்கத்தக்க உருவங்கள் பெருகின. அச்சீட்டுகளின் தேவையே சிவகாசியில் லித்தோ அச்சுத் தொழில் வேரூன்றக் காரணமாயிற்று என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து.

அவ்வச்சுக்கூடங்கள் அடுத்து நாள்காட்டியை நாடின. 1894இல் பம்பாயில் இரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் படங்கள் அதற்கு முன்பே சோப்பு முதலிய பொருள்களின் விளம்பரத்துக்குப் பயன்பட்டிருந்தன. தமிழகத்தில் கோவில்பட்டியை இருப்பிடமாகக் கொண்ட சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் தெய்வப் படங்களுக்கெனத் தனிப்பாணி ஒன்றை உருவாக்கினர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர். மேடைக்குரிய தூண்களும் திரைகளும் ஒளியும் அவர் பள்ளியின் படங்களில் தெய்வத்தைச் சூழ்ந்திருப்பதற்கு இப்பின்புலம் ஒரு காரணம் எனலாம்.

சோவியத் சுவரொட்டியுடன் ஒப்பிடும்போது இந்நாள்காட்டியின் அமைப்பு தலைகீழானது. அங்கே பொருள் பெரிதாகவும் சூழல் சிறிதாகவும் அமைந்தன. இங்கே படம் பெரிது. கடையின் பெயரும் பொருளின் பெயரும் அடியில் ஒரு பட்டைக்குள் அடங்கின. பொருளின் உருவமே இல்லாத விளம்பரங்களும் மிகுதி. மளிகைக்கடையோ துணிக்கடையோ ஆண்டுத் தொடக்கத்தில் வாடிக்கையாளருக்கு அளிக்கும் நாள்காட்டி, வாங்கு என்று கூறுவதில்லை. அது கொடையாக வீட்டுக்குள் நுழைகிறது. சுவரில் ஓராண்டு தங்குகிறது. நல்ல நேரமும் இராகுகாலமும் பார்க்க நாள்தோறும் கண்களை ஈர்க்கிறது. ஆண்டு முடிந்தபின் படத்தை மட்டும் வெட்டிச் சட்டமிட்டுப் பூசையறையில் வைப்பதும் வழக்கம். அப்போது அடிப்பட்டையில் இருந்த கடையின் பெயர் நீங்குகிறது. விளம்பரம் வழிபடுபொருளாக முற்றுப்பெறுகிறது.

தெருவில் நிற்போரை நிறுத்திப் பேசுவது சோவியத் சுவரொட்டி. வீட்டில் இருப்போரோடு பேசாமல் உடனுறைவது தமிழ் நாள்காட்டி. முன்னது வாதத்தை நம்பியது. பின்னது உறவை நம்பியது.

6. தேநீரும் ரப்பரும்: மறைந்த உழைப்பு

இவ்வேறுபாடு பண்பாட்டின் மாறா இயல்பு அன்று என்பதற்குத் தேநீர் சான்றாகும். 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேயிலை ஏற்றுமதிமீது வரி விதிக்கப்பட்டு, அதன் வருவாய் தேநீர்ப் பரப்புரைக்குச் செலவிடப்பட்டது. 1930களில் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோது உள்நாட்டு நுகர்வைப் பெருக்கும் முயற்சி தீவிரமடைந்தது. தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் தொடர்வண்டி நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் எனாமல் தகடுகளை நிறுவியது. இந்திய மொழிகளில் தேநீர் தயாரிக்கும் முறையைப் படிப்படியாக விளக்கியது. செய்முறைக் காட்சிகளையும் நடத்தியது. தனியொரு நிறுவனத்தின் பெயரை முன்வைக்காமல் ஒரு பழக்கத்தையே கற்பித்தமையால், இப்பரப்புரை மிக்கோயான் காலச் சுவரொட்டிகளுக்கு நெருங்கிய உறவுடையது. காப்பியும் தேநீரும் தமிழ்ச் சமூகத்தில் பெற்ற இடம் குறித்து ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளமை இங்கு நினைவுகூரத்தக்கது.

1947இல் ஓவியர் அன்னதா முன்ஷி வரைந்த சுவரொட்டி, இராட்டையின் அருகே தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்த பெண்ணைக் காட்டித் தேநீரை முழுச் சுதேசிப் பொருளாக அறிவித்தது. ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளின் பண்டம் ஒரே தாளில் நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. பெயர் மாறிய ரஷ்ய மிட்டாய் ஆலைகளுக்கு இது இணையானது.

இரு நிலத்துப் படங்களும் ஒன்றை மறைப்பதில் ஒத்துள்ளன. ரெசினோதிரெஸ்த் தன் ரப்பர் மேற்காலணிகளை விளம்பரப்படுத்திய 1923இல் சோவியத் நாட்டில் செயற்கை ரப்பர் இல்லை; அதன் ஆலை உற்பத்தி 1932இல்தான் தொடங்கியது. உலக இயற்கை ரப்பரின் பெரும்பகுதி அன்று மலாயா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து வந்தது. மலாயாவிலும் இலங்கையிலும் பால்வெட்டியோர் பெரும்பாலும் தமிழர். தொழிலாளர் அரசின் சுவரொட்டியிலும் அத்தொழிலாளருக்கு இடமில்லை. சிவகாசி ஒட்டுச்சீட்டின் மயிலும் ஆமையும் பெட்டி ஒட்டிய பெண்களையும் சிறுவரையும் காட்டவில்லை. அச்சிறுவர்நிலை உச்சநீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பொருளாகும் வரை நீடித்தது. விளம்பரம் எதைக் காட்டவில்லை என்று வினவுவதும் ஆய்வாளரின் கடமையாகும்.

7. நெய்வேலி: பொருளின்றி வந்த படம்

முன்னுரையில் எழுப்பிய செய்திக்கு இப்போது திரும்பலாம். ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான வண்ணத்தாள்கள் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையிடப் பயன்பட்டதைத் தமிழகத்தில் ஒரு தலைமுறையே நினைவுகூர்கிறது. 1951இல் தொடங்கப்பெற்ற நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக முன்னேற்றப் பதிப்பகத்தின் நூல்கள் எளிய விலையில் கிடைத்தன. கோதுமை வயல், விண்வெளி வீரர், சிரிக்கும் குழந்தைகள், ஒளிரும் நகரம் ஆகியவை அப்படங்களின் பொருண்மைகள். அவற்றைக் கண்டவர் அங்குள்ள எதையும் விலைகொடுத்து வாங்க இயலாது. விற்கப்பட்ட பொருள் நாடே ஆகும். மோசெல்புரோம் சுவரொட்டியில் படமும் பொருளும் ஒரே தெருவில் இருந்தன. நண்டிறைச்சிச் சுவரொட்டியில் பொருள் அரிதாயிற்று. தமிழகத்துக்கு வந்த வண்ணத்தாளில் பொருள் முற்றிலும் நீங்கிப் படம் மட்டும் எஞ்சியது.

இதற்கு மறுதலையான நிலையும் நெய்வேலியிலேயே உண்டு. பழுப்பு நிலக்கரியைக் கரியாக்கி அங்கு உருவாக்கிய ‘லெகோ’ என்னும் புகையில்லா எரிகட்டி வீட்டு அடுப்புகளுக்கென விற்கப்பட்டது. விறகு எரித்துப் பழகிய சமையலறைக்கு அரசு நிறுவனம் ஒன்று புதிய எரிபொருளை அறிமுகப்படுத்திய நிகழ்வு அது. அரசு உற்பத்தியாளர் இல்லத்தரசியின் பழக்கத்தை மாற்ற முனைந்த அவ்வகையில், மின் நிலையத்தின் எந்திரங்களைக் காட்டிலும் இவ்வெரிகட்டியே மிக்கோயான் காலச் சோவியத் சுவரொட்டிகளுக்கு நெருங்கியது. சமையல் எரிவளி பரவியபின் லெகோ வழக்கொழிந்தது. அதன் விற்பனை அறிவிப்புகள், கடைப் பலகைகள், பொதிகள் ஆகியவை தொகுக்கப்பட்டால் சுதந்திர இந்தியாவின் அரசுத்துறை தன் மக்களோடு நுகர்வோர் என்ற முறையில் எவ்வாறு பேசிற்று என்பது விளங்கும்.

8. சான்றாதாரங்களின் நிலை

சோவியத் சுவரொட்டிகளை இன்று நுணுகி ஆராய இயல்வதற்கு நிருவாகக் காரணம் ஒன்றுண்டு. அச்சாகும் தாள்கள் அரசுக் களஞ்சியங்களுக்குப் படி அளிக்கும் முறை அங்கு நடைமுறையில் இருந்தது. தணிக்கை எண்ணும் அச்சக விவரமும் படிகளின் எண்ணிக்கையும் பல சுவரொட்டிகளின் அடியில் அச்சிடப்பட்டன. கட்டுப்பாட்டுக்காக உருவான விதி வரலாற்றாசிரியருக்கு ஆவணமாயிற்று.

இந்தியாவில் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் நூல்களையும், 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் செய்தித்தாள்களையும் கருத்தில் கொண்டது. தீப்பெட்டிச் சீட்டும் கடை நாள்காட்டியும் அதன் நோக்கில் இடம்பெறவில்லை. உருவாக்கிய ஓவியர் யார், எந்த ஆண்டு, எத்தனை படிகள் என்பன பெரும்பாலும் தாளில் இல்லை. ஆண்டுதோறும் மார்கழி முடிவில் பழைய நாள்காட்டிகள் கழிக்கப்படுகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த தொகுப்பு 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக விளங்குவது, இத்தகைய சிறு தாள்களின் மதிப்பை உணர்த்தும். அத்தகைய முயற்சி மாவட்டந்தோறும் தேவைப்படுகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, 1920களின் சோவியத் சுவரொட்டி தனியார் வணிகரோடு நிகழ்ந்த போட்டியின் விளைவு. 1930களின் சுவரொட்டி விருப்பத்தைக் கற்பித்த அரசின் குரல். இரண்டையும் ஒரே வகையாகக் கருதுதல் பொருந்தாது.

இரண்டாவதாக, எழுத்தறிவு குறைந்த வாங்குவோரை எட்டும் சிக்கலுக்குச் சோவியத் கலைஞர்கள் எழுத்தையே பெரிதாக்கி விடை கண்டனர். சிவகாசி அச்சுக்கூடத்தார் உருவத்தைப் பெயராக்கி விடை கண்டனர்.

மூன்றாவதாக, தேநீர்ப் பரப்புரையும் லெகோ எரிகட்டியும் பழக்கத்தைக் கற்பிக்கும் விற்பனை முறை தமிழகத்துக்கும் அயலானதன்று எனக் காட்டுகின்றன. ஆட்சிமுறையைக் காட்டிலும் விற்பவரின் தேவையே விளம்பரத்தின் வடிவத்தைத் தீர்மானித்துள்ளது.

நான்காவதாக, விளம்பரப் படம் நுகர்வுக்கு நேர்ச்சான்று ஆகாது. விலை, பங்கீடு, போக்குவரத்து, வீட்டுக் கணக்கேடு ஆகியவற்றோடு இணைத்து வாசிக்கும்போதே அது வரலாற்றுச் சான்றாகும்.

மாஸ்கோவின் நண்டிறைச்சிச் சுவரொட்டியை இன்று இணையத்தில் எளிதில் காணலாம். சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் 1965ஆம் ஆண்டு வழங்கப்பட்ட ஒரு மளிகைக்கடை நாள்காட்டியைக் காண்பது அரிது. ஆய்வாளர்களும் விரிவுரையாளர்களும் தத்தம் ஊர்களின் வீடுகளிலும் கடைகளிலும் எஞ்சியிருக்கும் இத்தாள்களை, வழங்கிய கடை, ஆண்டு, கிடைத்த இடம் ஆகிய விவரங்களோடு பதிவு செய்வது உடனடித் தேவையாகும்.